என் புகைப்படம் கொடுத்த நோய்

போன வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில், பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் காட்சித் தொடர்பியல் படித்தபோது புகைப்படப் பாடத்துக்காகச் செய்த வேலைகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. ரெக்கார்டு நோட்டு, பிரிண்ட்டுகள், ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய திருத்தங்கள், எல்லாப் படங்களும் பதிந்த ஒரு குறுந்தகடு.

திடீரென்று எதற்கு அதைத் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் இப்போது கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பதும் என் வேலைதான். வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், ஒரே நிமிடம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பெண்கள் முகத்தில் வந்து போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் விடிகாலையில் வந்து இறங்குகிற பெண்களை, அட்டைக்காக இல்லாமல் அவர்களுக்காகவே படம் எடுக்க வேண்டும். பழைய கேமரா ஒன்றும் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. படிக்கிற காலத்தில் நான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். அந்த வேலைகளை எடுத்துப் பார்த்தால் வழி கிடைக்கும் என்று நினைத்தேன்.

முதல் மதிப்பெண் வாங்கித் தந்தது ஒரே ஒரு படம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு அக்காவின் படம். மடியில் சொளவு என்கிற முறம், அதில் பீடி இலையும் தூளும். முக்காட்டுத் துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, குனிந்து இருமிக்கொண்டிருப்பார். கறுப்பு வெள்ளையில் பார்க்கிறவர் நெஞ்சைப் பிசைகிற படம். அதன் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: ‘காசநோயோடு போராடியபடி பீடி சுற்றும் தாய்.’

அந்தப் படத்தைப் பெருமையோடுதான் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் குறுந்தகட்டைக் கணினியில் போட்டேன்.

அந்த அக்காவை நான் இரண்டு நாள் போய் எடுத்த படங்கள் வரிசையாக வந்தன. சிரிக்கிறார். அடுத்ததில் பக்கத்து வீட்டுக்காரியைக் கேலி செய்து வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்னொன்றில் எனக்குத் தட்டில் சோறு வைத்து, சாப்பிடாமல் எடுக்கக்கூடாது என்று விரலை ஆட்டி மிரட்டுகிறார். சுற்றிய பீடிகளைக் கட்டுக் கட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். இருமுகிற படம் ஒன்றே ஒன்று. அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தார்கள். அந்த நெடியில் நானும்தான் இருமினேன். அடுத்த படத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். முதல் நாள் நான் காட்டிய படங்களுக்குக் கீழே ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘சிரிப்பு வேண்டாம். கஷ்டம் தெரியவில்லை. மறுபடி போய் எடு.’ இரண்டாம் நாள் போய் அந்த ஒன்றைக் கொண்டு வந்தேன். அதற்கு, ‘இதுதான் படம். நோய் என்ற சொல் குறிப்பில் வர வேண்டும்.’

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. இருபது வயதில் இதைப் பாடம் என்று படித்திருக்கிறேன். அந்த மனிதர் சொன்னார் என்று ஒரு ஆரோக்கியமான பெண்ணுக்கு நோயை எழுதியிருக்கிறேன். கோபம் அவர் மேல்தான் வந்தது. என் மேல் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிரிக்கிற படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அடுத்த ஞாயிறு மேலப்பாளையம் போனேன். அவரைத் தேடிப் பிடித்து அந்தப் படங்களைக் கொடுப்பது, அதிலிருந்தே என் புதிய வேலையைத் தொடங்குவது. இதுதான் திட்டம். ஏதோ நல்ல காரியம் செய்யப் போகிற நினைப்பு. வழியில் அல்வா வேறு வாங்கிக்கொண்டேன்.

அதே தெரு, அதே வீடு. அவரேதான் கதவைத் திறந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் பாட்டுக்கு உறையிலிருந்து படங்களை எடுத்து நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை.

“இத்தன வருசம் கழிச்சு எதுக்கு வந்திருக்க? இன்னும் என்ன நோவு பாக்கி இருக்கு, என் தலையில எழுத?” என்றார்.

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் புரியாமல் விழித்ததைப் பார்த்து அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. வாசல்படியிலேயே என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். நான் முழுவதையும் நின்றபடியேதான் கேட்டேன்.

நான் படிப்பை முடித்த வருடம், காசநோய் விழிப்புணர்வுக்காக ஒரு தொண்டு அமைப்பு கேட்டது என்று ஆசிரியர் அந்தப் படத்தைக் கொடுத்தார். அது எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அந்தப் படத்தைப் பெரிய பிளக்ஸ் போர்டாக வைத்தார்கள். நான் என் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தேன். அப்பா தன்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். படத்தில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே படத்தைச் சின்ன நோட்டீசாகவும் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘இவரைப் போல் தாமதிக்காதீர்கள்’ என்று மேலே ஒரு வரியாம். இது எனக்குத் தெரியாது. அந்த நோட்டீஸ் மேலப்பாளையத்துக்கும் வந்திருக்கிறது. இலையும் தூளும் வாங்குகிற பீடிக்கடையில் அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் இவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். டாக்டர் சீட்டு கொண்டு வந்தால்தான் இனிமேல் இலை என்று சொல்லிவிட்டார். கூடச் சுற்றுகிற பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த கணவருக்கு யாரோ அந்த நோட்டீசைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளாக என்னிடம் மறைத்தாய், உண்மையைச் சொல் என்று அவர் போனில் கேட்டிருக்கிறார்.

“வேற யாரு கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன்,” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் தொடரவில்லை.

அப்போது மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. சந்தேகம் தீர்ந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். இவர் அரசு ஆஸ்பத்திரியில் சளி சோதனை கொடுத்து, நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று சீட்டு வாங்கினார். அந்தப் பெரிய உறையைக் கையில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையின் தாய் சீட்டைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயை உருவி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எது மேல் பக்கம், எது கீழ்ப் பக்கம் என்று தெரியாமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டு ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

“என் நெஞ்செலும்ப அத்தன பேரும் நின்னு பாக்காங்க. நீ எடுத்த படம் பொய்யின்னு காட்ட நான் இன்னொரு படம் எடுத்துட்டுப் போய் நின்னேன் பாரு, அந்தால நிக்கையில உன்னத்தான் நெனச்சேன். சோறு போட்டேனே இவளுக்குன்னு.”

சரி, நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த வீட்டில் கடைசியில் சொன்னார்களாம். தன் தாயை அப்படி நிறுத்திப் பார்த்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று மகள் மறுத்துவிட்டாள். அதன்பிறகு நான்கு வருடம் எந்தச் சம்பந்தமும் அமையவில்லை. இப்போது கடையநல்லூரில் நல்லபடியாக இருக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

படங்களையும் அல்வாவையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டார்.

வீட்டுக்குப் போயும் இருக்க முடியவில்லை. என்னென்னவோ ஓடியது தலைக்குள். மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் கல்லூரிக்குப் போனேன். பழைய மாணவி என்று சொன்னதும் வாட்ச்மேன் விட்டுவிட்டார்.

எங்கள் துறையின் நடைபாதையில் நல்ல படங்களைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பார்கள். ஒன்பது வருடம் கழித்தும் அந்தப் படம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அதே குறிப்பு, என் பெயர், படித்த வருடம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் அதற்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் படத்தைக் காட்டித்தான் இன்றைக்கும் வகுப்பு எடுக்கிறார் என்று அதில் ஒரு பெண் சொன்னாள்.

ஆசிரியர் தன் அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் வரவேற்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியா, பாவம்தான் என்றார். ஆனால் அந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் போய்ச் சோதனை செய்திருப்பார்கள், அதையும் யோசிக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

“பீடி சுத்துதவங்களுக்கு நெஞ்சு நோவு வாரது உண்மதானம்மா. அந்த அம்மாவுக்கு இல்லன்னா இன்னொரு அம்மாவுக்கு இருக்கும்லா.”

ஒருத்திக்கு இல்லாவிட்டால் இன்னொருத்திக்கு இருக்கும். எல்லாப் பெண்களும் அவருக்கு ஒரே பெண்தான். யார் முகத்தை வேண்டுமானாலும் எடுத்து யார் நோயின் மேலும் ஒட்டிக்கொள்ளலாம். நான் எழுந்து நடைபாதைக்குப் போனேன். அங்கே கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆணியோடு காரை பெயர்ந்து என் தலையில் கொட்டியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

ஆசிரியர் பின்னாலேயே வந்துவிட்டார். அது கல்லூரிச் சொத்து, எடுத்துக்கொண்டு போக முடியாது என்றார். அந்த அக்காவின் முகம் எப்போது உங்கள் சொத்தானது என்று கேட்டேன். பிள்ளைகள் முன்னால் அப்படிக் கேட்டது அவரைச் சுட்டுவிட்டது.

“என்ன ஏன் கேக்க? அவங்க சம்மதம் இருக்குன்னு எழுதிக் குடுத்தது நீதான. உன் ரெக்கார்டுலயே ஒட்டியிருக்கு. போய்ப் பாரு,” என்றார்.

சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

ஒரு வாரம் முன்பு அந்த ரெக்கார்டு நோட்டைப் புரட்டியபோது நான் கடைசிப் பக்கம் வரைக்கும் போகவில்லை. தற்செயலாகப் போகவில்லையா, தெரிந்தே போகவில்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து திறந்தேன். இருந்தது. ‘என் படத்தைக் கல்லூரி எந்தப் பயன்பாட்டுக்கும் வெளியிடச் சம்மதிக்கிறேன்.’ படத்தில் இருப்பவரிடம் வாங்கி ஒட்ட வேண்டிய படிவம். அவர் பெயரை எழுதியிருந்தது நான். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருவிரல் ரேகை, நீல மையில்.

அது என் விரல்.

சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள். மேலப்பாளையத்துக்கு இன்னொரு தடவை போக நேரமில்லை, சோம்பல் என்றும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி வாசலில் இருந்த கடையில் மை அட்டை வாங்கி, என் இடது கைப் பெருவிரலை உருட்டி வைத்தேன். பிறகு விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அது என் நினைவுக்கே வரவில்லை.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. ஆசிரியர் மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஆசிரியராவது அந்த அக்காவை நேரில் பார்த்ததில்லை. நான் அவர் கையால் சாப்பிட்டவள்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, சட்டத்தையும் அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி மேலப்பாளையம் போனேன். இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே போனார். வரலாம் என்று அர்த்தமா என்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். அங்கே சொளவும் இலையும் இல்லை. ஒரு தையல் மிஷின் இருந்தது.

சட்டத்தை அவர் முன்னால் தரையில் வைத்தேன். கழற்றிவிட்டேன், இனிமேல் அது அங்கே இல்லை என்றேன். அவர் குனிந்து தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலைக் குறிப்பின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டாமல், பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி தெளிவாக வாசித்தார். காசநோயோடு போராடியபடி பீடி சுற்றும் தாய். உன் கையெழுத்துதானே இது என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் வாசித்ததைக் கேட்ட பிறகு படிவத்தை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் எடுக்காமல் திரும்பிப் போனால் என்னை நானே மன்னிக்கவே முடியாது என்று தோன்றியது. எடுத்துக் கொடுத்தேன். கீழே இருப்பது என் ரேகை என்று சொன்னேன்.

அவர் அதையும் முழுவதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. பீடி சுற்றுகிற பெண் என்றால் ரேகைதான் வைப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்குப் பேங்க் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது அவர்தான். இரண்டு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், நாற்பது படம் எடுத்தேன். அவரிடம் நான் கேட்டதெல்லாம் இந்தப் பக்கம் திரும்புங்கள், கொஞ்சம் குனியுங்கள் என்பது மட்டும்தான்.

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து இளகவில்லை.

“அழாத. உனக்கு அழுக வந்தா நான் சமாதானம் சொல்லணும். எனக்கு அது முடியாது,” என்றார்.

பிறகு சட்டத்தைப் பிரித்துப் படத்தை நான்காகக் கிழித்தார். படிவத்தைக் கிழிக்கவில்லை. அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வீட்டில் வைத்துக்கொள் என்றார். இன்றுவரை அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்தார் என்று எழுதினால் இதுவும் அவர் தலையில் நான் எழுதுகிற இன்னொரு பொய்யாகிவிடும்.

அந்தத் தொண்டு அமைப்புக்கு எழுதினேன். படத்தை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது, வருத்தம் என்று ஒரு சொல்கூட இல்லாமல். கல்லூரி முதல்வருக்கு என் ரேகையைப் பற்றியும் சேர்த்தே எழுதினேன். நான் வாங்கிய மதிப்பெண்ணை ரத்து செய்யச் சொன்னேன். இன்னும் பதில் இல்லை.

கங்கைகொண்டான் வேலையைத் தொடங்கிவிட்டேன். பழைய பாடத்தில் எனக்குச் சொல்லித் தந்தது ஒவ்வொன்றையும் தலைகீழாகத்தான் செய்கிறேன். எடுத்த படங்களை எல்லாம் அவர்களிடம் காட்டுகிறேன். எது இருக்கலாம், எது கூடாது என்று அவர்கள் சொல்கிறார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள், போகட்டும். கீழே எழுதுவதை வாசித்துக் காட்டாமல் எதையும் வைப்பதில்லை. போன மாதம் மானூரிலிருந்து வருகிற ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே, குடும்பத்துக்காக உழைக்கும் பெண் என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்றுதான் நினைத்தேன். அவள் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“குடும்பத்துக்குன்னு உங்ககிட்ட யாருக்கா சொன்னா? நான் எனக்காகத்தான் வேலைக்கு வாரேன். அத மாத்துங்க,” என்றாள்.

மாற்றினேன். இத்தனைக்குப் பிறகும் என் கை தானாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதனால்தான் என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நான் ஆறவிடுவதில்லை. அது ஆறிப்போகிற அன்று, ஒருவரிடம் கேட்காமலே அவரை எனக்குத் தெரியும் என்று நம்ப நான் மறுபடியும் தொடங்கிவிடுவேன்.